வள்ளியூர் லைன்

சித்ரலேகாவின் வீட்டில் கறுப்பு நிறத்தில் ஒரு போன் இருந்தது. டெலிபோன் ஆபீஸில் சூப்பர்வைசர் என்பதால் இலாகா கொடுத்தது. தெருவில் மற்றவர்கள் மனு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடந்த காலம் அது. அப்பேர்ப்பட்ட போன் அவள் வீட்டில் பொங்கலுக்கு ஒரு தடவை அடிக்கும், தீபாவளிக்கு ஒரு தடவை அடிக்கும். இரண்டும் பம்பாயிலிருந்து தம்பி நடராஜ். "நல்லாருக்கியாக்கா?" என்பான். "இருக்கேன்" என்பாள். பிறகு தம்பி மனைவி வாங்கி அதையே கேட்பாள். மற்ற நாளெல்லாம் அதற்குத் தூசி துடைப்பதோடு சரி.

ஜில்லாவில் பாதிப் பேர் பேசிக்கொள்ள லைன் கொடுக்கிற அறையில் பகல் முழுக்க இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கும் யாராவது இருக்க வேண்டும் அல்லவா?

அப்பா குமரகுருபரம் பிள்ளைக்கு ஒரு காலத்தில் சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றுப் பாசனத்தில் வயல் இருந்தது. அவள் பிறப்பதற்குள் வயல் போய்ப் பெருமை மட்டும் மிச்சமிருந்தது. பெருமையை உலையில் போட முடியாது என்று புரிந்த ஒரு நாளில்தான் மகளைப் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு அனுப்பினார். அங்கேதான் வந்தது வினை. ஆபரேட்டர் என்றால் நைட் டூட்டி உண்டு. பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகம் பொருந்தி, கேசரி தின்று, காப்பி குடித்து, கடைசியில் "ராத்திரியுமா வேலைக்குப் போவா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். ஒரு வீட்டார் மட்டும் வேலையை விடச் சொன்னார்கள். அப்பா விடச் சொல்லவில்லை. வருஷம் ஓட ஓட கல்யாணப் பேச்சு தானாக நின்றுபோனது.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு, பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தாள். ஆபீஸ் ஆற்றங்கரைப் பக்கம். நடந்து போய் நடந்து வருவாள். பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் உட்காருகிறவர் பேச்சுக் கொடுப்பார். யாராவது பேச்சுக் கொடுத்தால் அவளுக்குக் கை கால் ஓடாது. பேச்சுக்கு ஏங்குகிறவளுக்கு இது என்ன கோணல் என்று தோன்றும். ஏங்கி ஏங்கியே சிலருக்கு நாக்கு மடங்கிப் போகிறது, வேறொன்றும் இல்லை.

தொண்ணூறுகளில் பெரிய ஊர்களுக்கெல்லாம் நேராக நம்பரைச் சுழற்றிப் பேசுகிற வசதி வந்துவிட்டது. ஆனாலும் பல ஊர்களுக்கு இன்னும் ட்ரங்க் கால்தான். ஒருவர் கால் புக் பண்ணினால், இங்கே இருக்கிற ஆபரேட்டர் அந்த ஊர் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, பிளக்கைச் செருகி, இரண்டு பேரையும் சேர்த்துவைக்க வேண்டும். நீளமான போர்டுக்கு முன்னால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊர் ஊராகக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

மதியம் சாப்பாடு முடிந்து ஊரே கண்ணயருகிற நேரத்தில் போர்டில் விளக்கு எரியாது. அப்போது ஆபரேட்டர்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. சும்மா கிடக்கிற லைனில் ஒருத்தியை ஒருத்தி கூப்பிட்டுப் பேசிக்கொள்வார்கள். முகம் பார்த்திருக்க மாட்டார்கள். பெயர்கூட வேண்டாம்; ஊர்தான் பெயர். "தென்காசிக்கு ஆம்பளப் புள்ள பெறந்திருக்காம்" என்று ஒருத்தி சொன்னால் இன்னொருத்தி சந்தோஷப்படுவாள். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் எதிர் இலையில் இருந்தவள் "கொஞ்சம் ரசம் ஊத்துங்க" என்று சொன்ன குரலை வைத்தே இன்னொருத்தி, "நீங்கதான கோவில்பட்டி?" என்று கேட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்ட கதையும் உண்டு.

லைனில் சொந்தப் பேச்சுப் பேசக்கூடாது என்பது சட்டம். அதைக் கண்காணிக்கத்தான் அறையின் மூலையில் சூப்பர்வைசர் மேசை. அந்த மேசையில் ஒரு பிளக்கைச் செருகினால் எந்த ஆபரேட்டரின் லைனையும் கேட்கலாம். ஆனால் பழைய மேசையில் ஒரு சௌகரியம் இருந்தது. பிளக் ஏறும்போது லைனில் 'டக்' என்று சத்தம் வரும். அந்த நிமிஷமே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குரல் மாறிவிடும். "ஏளா, மீன் கொழம்புல மாங்கா போட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள் "வள்ளியூர், அந்த அர்ஜென்ட் கால் என்னாச்சு?" என்பாள். சட்டத்துக்கும் பங்கமில்லை, பேச்சுக்கும் பங்கமில்லை.

தொண்ணூற்றிரண்டில் ஆற்றில் வெள்ளம் வந்தபோது கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்து பல சாமான்கள் கெட்டுப்போயின. சூப்பர்வைசர் மேசையும் போனது. புது மேசை வந்தது. பளபளப்பாக இருந்தது. முதல் நாள் சித்ரலேகா பிளக்கைச் செருகியபோது அந்த 'டக்' சத்தம் இல்லை. லைனில் இரண்டு பெண்கள் சேலைப் பேச்சுப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு மாறவே இல்லை. பிளக்கை எடுத்தாள், மறுபடி செருகினாள். பேச்சு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அன்றே எழுந்து நின்று, "ஏம்மா, இந்தப் புது மேசையில சத்தம் வராது, பாத்துக்கோங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கண்டிப்பான சூப்பர்வைசர் என்றால், பிடித்து மெமோ கொடுத்திருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை. கேட்டாள். அவ்வளவுதான். மறுநாள் மதியமும் கேட்டாள்.

அறையில் வயதில் மூத்த பெண்களை எல்லோரும் 'அக்கா' என்பார்கள். சீனியர் ஆபரேட்டர் ஆவுடைத்தாய் எல்லோருக்கும் அக்கா. சித்ரலேகா மட்டும் 'மேடம்'. அவள் வருவதைப் பார்த்தால் டிபன் பாக்ஸைச் சுற்றி இருக்கிற சிரிப்பு அடங்கும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. "ஒரு வாய் சாப்பிடுங்க மேடம்" என்று மரியாதைக்குக் கேட்பார்கள். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் போய் மூலையில் உட்காருவாள். அந்த 'இருக்கட்டும்' ஒவ்வொன்றும் மதியம் முழுக்கத் தொண்டையில் நிற்கும்.

இப்படி இருக்கும்போதுதான் முத்துராணி வேலைக்கு வந்தாள். நாங்குநேரிப் பக்கம் காட்டு வேலை பார்க்கிற குடும்பத்தில் பிறந்து, படித்து, பரீட்சை எழுதி வந்தவள். புருஷன் இசக்கிராஜாவுக்கு வண்ணார்பேட்டையில் லாரி பட்டறையில் வேலை. ஒரு பெண் குழந்தை, இரண்டாம் வகுப்பு. முத்துராணிக்கு வாய் சும்மா இராது. அவளுக்கு லைனில் ஒரு சிநேகிதி கிடைத்தாள்: வள்ளியூர் ஆபரேட்டர் லில்லி. கல்யாணமான சூட்டோடு புருஷன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்ட பெண். மதியம் ஆனால் இந்த இரண்டு பேரும் தொடங்கிவிடுவார்கள்.

சித்ரலேகாவும் பிளக்கைச் செருகிவிடுவாள்.

வீட்டுச் சொந்தக்காரர் வளர்க்கிற ஆடு முத்துராணியின் கொடியில் காய்ந்த பாவாடையைத் தின்ற கதை, மகள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரைப் பார்த்து "சார், உங்களுக்கு முடி ஏன் இல்ல?" என்று கேட்ட கதை, இசக்கிராஜா சினிமாவில் தூங்கிப்போய்க் குறட்டை விட்ட கதை. சிரிப்பு வந்தால் சித்ரலேகா இருமுவாள். "மேடத்துக்கு மத்தியானம் ஆனா இருமல் வந்துருது" என்று ஆவுடைத்தாய் ஒரு நாள் பனங்கற்கண்டு கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொள்ள வெட்கமாகத்தான் இருந்தது.

வீட்டில் சமைக்கும்போது சித்ரலேகா மனதுக்குள் பதில் சொல்லிப் பழகுவாள். 'புளிக்கொழம்பு கடுத்துப்போச்சுன்னியே, ஒரு துண்டு வெல்லம் போட்டிருக்கலாம்லா.' 'பிள்ளையை அடிக்காதே, வாத்தியாருக்கு உண்மையிலேயே முடி இல்லைதானே.' முத்துராணிக்கு இதெல்லாம் தெரியாது. காலையில் வந்து "வணக்கம் மேடம்" என்பாள். இவள் தலையை ஆட்டுவாள். தனக்கு ஒரு சிநேகிதி இருக்கிறாள் என்று சித்ரலேகா நம்பினாள். அந்தச் சிநேகிதிக்குத்தான் விஷயம் தெரியாது.

தொண்ணூற்று நாலில் சூப்பர்வைசர்களுக்குச் சென்னையில் ஒரு வாரம் பயிற்சி போட்டார்கள். நிர்வாகத்தில் தலைமை என்று தலைப்பு. கழுத்துப்பட்டி கட்டின ஒருவர் வந்து, நல்ல தலைவர் என்பவர் வாயைக் குறைத்துக் காதைத் திறந்து வைப்பார் என்று நாலு நாள் வாய் ஓயாமல் பேசினார். ஐந்தாம் நாள், "உங்களுக்குக் கீழே வேலை பார்க்கிறவர்களின் மனதில் என்ன இருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். பெரிய பெரிய சூப்பர்வைசர்கள் எல்லாம் முழித்தார்கள். சித்ரலேகா எழுந்தாள். கூட்டத்தில் எழுந்து பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு ஆபரேட்டரைப் பற்றியும் சொன்னாள். யாருக்கு மாமனார் படுத்த படுக்கை, யாருக்குப் பிள்ளை படிக்கவில்லை, யார் எதற்குப் பயப்படுகிறாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். பயிற்சி கொடுத்தவர் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். "இவரிடம் எல்லோரும் மனம் திறந்து பேசுகிறார்கள் என்றால் அதுதான் தலைமை" என்றார் அவர்.

எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் அவளே அதை மறந்துபோனாள். எல்லோரும் தன்னிடம் மனம் திறந்து பேசியதாகவே தோன்ற ஆரம்பித்தது. கைதட்டலுக்கு அந்தக் குணம் உண்டு.

வந்த வாரத்தில் ஒரு மதியம் லைனில் லில்லி அழுதுகொண்டிருந்தாள். சித்ரலேகா பிளக்கைச் செருகும்போதே பேச்சு பாதி முடிந்திருந்தது. முத்துராணியின் குரல்தான் தெளிவாக வந்தது.

"இங்கன இருந்து நான் என்னத்தக் கண்டேன் சொல்லு. பேசாம அங்கனயே மாத்தல் வாங்கிட்டு வந்துருதேன்ட்டி. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து வேலை பாப்போம். எனக்கும் இந்த ஊரு அலுத்துப்போச்சு."

சித்ரலேகா ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வள்ளியூர் இசக்கிராஜாவின் சொந்த ஊர் என்பது அவளுக்குத் தெரியும். புருஷன் ஊர், சிநேகிதி ஊர், அங்கே போக இந்தப் பெண் ஆசைப்படுகிறாள், கேட்கக் கூச்சப்படுகிறாள். கேட்காமலே செய்து கொடுப்பவள்தானே நல்ல மேலதிகாரி?

நல்ல நேரமோ கெட்ட நேரமோ, வள்ளியூரில் ஓர் இடம் காலியாகி, அதற்கு ஆள் போட வேண்டியிருந்தது. டிவிஷனல் இன்ஜினியர் ஐயம்பெருமாள் கூப்பிட்டு அனுப்பினார். கையெழுத்துப் போட்டுக்கொண்டே பேசுகிறவர். யார் முகத்தையும் பார்த்துப் பேசினதாக ஆபீஸில் யாருக்கும் நினைவில்லை.

"வள்ளியூருக்கு யாரை அனுப்பலாம் மேடம்?"

"முத்துராணியைப் போடலாம் சார். அவளுக்கு விருப்பம்."

"கேட்டுட்டியளா?"

"தெரியும் சார்."

"ஒங்களுக்குத் தெரியாததா. சென்னையிலயே பேர் வாங்கிட்டு வந்திருக்கிய." அவர் அடுத்த காகிதத்தை இழுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஆற்றுப் பாலத்தில் நடந்து வரும்போது அவளுக்கு அழுகை முட்டியது. முத்துராணி போய்விட்டால் தன் மதியங்கள் என்ன ஆகும் என்று தெரியாமல் அவள் செய்யவில்லை. தெரிந்தேதான் செய்தாள். அந்தக் குரலை இழந்தாவது அந்தப் பெண்ணுக்கு ஒரு நல்லது செய்ய வேண்டும் என்று நினைத்தாள். பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் எதிர்பார்த்தாள். ஆர்டர் வந்ததும் முத்துராணி ஓடிவந்து, "எப்படிக்கா கண்டுபிடிச்சிய?" என்று கேட்பாள். மேடம் என்று சொல்ல மாட்டாள். சந்தோஷத்தில் அக்கா என்றுதான் வாயில் வரும்.

ஆர்டர் ஒரு மதியம் வந்தது. முத்துராணி படித்தாள். மறுபடி படித்தாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து சூப்பர்வைசர் மேசைக்கு வந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"மேடம், இதுல என் விருப்பத்தின் பேரில்னு போட்டிருக்கு. நான் யார்கிட்டயும் மனு குடுக்கலையே?"

"மனு எதுக்கு முத்துராணி. நான்தான் சொன்னேன்."

"என்ன சொன்னிய?"

"உனக்கு அங்க போகணும்னு ஆசைன்னு."

"எனக்கா? யாரு மேடம் அப்படிச் சொன்னா?"

சித்ரலேகாவுக்குப் பதற்றம் வந்தது. அவள் எதிர்பார்த்திருந்த முகம் இது இல்லை. எதிர்பாராத இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உண்மையைத்தான் முதலில் உளறுவார்கள்.

"நீதானே லில்லிகிட்டச் சொன்னே. பக்கத்துல பக்கத்துல உக்காந்து வேலை பாப்போம்னு."

போர்டில் ஒரு விளக்கு எரிந்தது, யாரும் எடுக்கவில்லை. ஆவுடைத்தாய் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். முத்துராணியின் ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, சூப்பர்வைசர் மேசையின் பிளக்கை எடுத்துச் செருகினாள். எடுத்தாள். மறுபடி செருகினாள்.

"இதுல சத்தம் வராதா மேடம்?" என்றாள்.

சித்ரலேகா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப இத்தன நாளும்..." என்று ஆரம்பித்த ஆவுடைத்தாய் பாதியில் நிறுத்திவிட்டாள். போர்டுக்கு முன்னால் இருந்த ஒவ்வொரு பெண்ணும் தான் என்னென்ன பேசினோம் என்று நினைத்துப் பார்ப்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. ஒருத்திக்குக் கண் கலங்கிவிட்டது.

முத்துராணி மட்டும் மேசையை விட்டு நகரவில்லை. கத்தவும் இல்லை. குரல் இறங்கித்தான் வந்தது.

"மேடம், அன்னைக்கு லில்லிக்கு அவ புருஷன்கிட்ட இருந்து மாசக்கணக்கா ஒரு தகவலும் இல்ல. செத்துப்போறேன்னு அழுதா. அழுத பிள்ளைக்கு நிலாவப் புடிச்சுத் தாரேன்னு சொல்லுவோம்லா, அந்த மாதிரி சொன்னேன். நிலாவப் புடிக்கவா போறோம்?"

"உங்க வீட்டுக்காரர் ஊர்தானேன்னு..." என்றாள் சித்ரலேகா. பதற்றத்தில் அவளை அறியாமல் பன்மை வந்துவிட்டது.

"அங்கதான் எங்க மாமியா இருக்காவ." முத்துராணி சேலை முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "அந்த வீட்ல நான் என்ன பட்டேன்னு லைன்ல ஒரு நாளும் பேசினதில்ல. லில்லி அந்த ஊரு. காத்துவாக்குல போயிரும்னு பயம். புள்ள வயித்துல இருக்கும்போது அந்த வீட்டுப் பின்வாசல் வழியா வெளிய வந்தவ நான். இவுகளும் எனக்காகத்தான் சொந்த ஊர விட்டுட்டு வந்து இங்கன பட்டறையில கெடக்காக. வேலையே அங்கன வந்துட்டுன்னா தனி வீடு எதுக்குன்னு மாமியா கேப்பாவ. என்ன பதில் சொல்லட்டும்? நீங்க சொல்லுங்க."

சித்ரலேகா அதுவரை எல்லாவற்றையும் கேட்டதாக நினைத்திருந்தாள். அந்தப் பெண் பயந்து பேசாமல் விட்டதுதான் அவள் வாழ்க்கையிலேயே பெரிய விஷயம். அது எந்த லைனிலும் வரவில்லை.

"ஒங்க மேசைக்கும் என் சேருக்கும் ரெண்டு எட்டுதான் மேடம் இருக்கும்" என்றாள் முத்துராணி. "இங்க வாம்மான்னு கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்லா. நான் என்ன கடிச்சா வைப்பேன்?"

சித்ரலேகா நேரே ஐயம்பெருமாளிடம் போனாள். அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். லைனில் கேட்டதை, ஆறுதலுக்குச் சொன்னதை விருப்பம் என்று தான் எடுத்துக்கொண்டதை, அந்தப் பெண்ணிடம் பேசாமலே பேசியதாகக் காட்டிக்கொண்டதை. "தப்பு என்னோடது சார். என்ன நடவடிக்கை வேணாலும் எடுங்க. ஆர்டரை மட்டும் நிறுத்துங்க."

"நீங்க ஏன் மேடம் சங்கடப்படுதிய? லைனைக் கேக்கத்தான ஒங்களுக்கு மேசை போட்டிருக்கு" என்றார் அவர், பேனாவை நிறுத்தாமல். "ஆர்டர் மதுரையில இருந்து கையெழுத்தாகி வந்தாச்சு. இவ எடத்துக்கும் ஆள் போட்டாச்சு. ஒரு வருஷம் போவட்டும், அப்புறமாப் பாப்போம்."

"சார், அந்தப் பொண்ணு அந்த வீட்ல..."

"எழுதிக் குடுங்க, அனுப்பி வைக்கேன்."

எழுதிக் கொடுத்தாள். அது எங்கே போனதோ தெரியாது. அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் காதில் அவள் சொன்னது விழவே இல்லை. வாய்விட்டுச் சொல்லியும் விழாமல் போவது எப்படியிருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத் தெரிந்தது.

முத்துராணி போன அன்று டிபன் பாக்ஸ் கூட்டத்தில் எல்லோரும் அழுதார்கள். சித்ரலேகா மூலையில் உட்கார்ந்திருந்தாள். போகும்போது முத்துராணி மரியாதை தப்பாமல் வந்து "வாரேன் மேடம்" என்றாள். எழுந்து நின்று அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சித்ரலேகாவுக்கு இருந்தது. தலையை ஆட்டினாள். பழக்கதோஷம்.

அதற்குப் பிறகு அந்த அறையில் மதியங்கள் ஓய்ந்தன. விளக்கு எரியாத நேரத்தில் பெண்கள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கண்ணால் ஜாடை காட்டி, எழுந்து வராந்தாவுக்குப் போனார்கள். தென்காசியும் கோவில்பட்டியும் கூப்பிட்டால் "நம்பர் சொல்லுங்க" என்று மட்டும் பதில் போனது. சித்ரலேகா பிளக்கைத் தொடுவதையே விட்டுவிட்டாள். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனித்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

வள்ளியூரிலிருந்து செய்தி ஆவுடைத்தாய் வழியாகத்தான் வந்தது, அதுவும் வேறு யாரிடமோ அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது. முத்துராணியின் குடும்பம் மாமியார் வீட்டிலேயேதான் இருக்கிறது. இசக்கிராஜாவுக்கு அங்கே சரியான வேலை அமையவில்லை. லில்லியின் புருஷன் பணம் அனுப்பி, கடிதமும் போட்டுவிட்டானாம். அவள் சந்தோஷமாக இருக்கிறாளாம். சித்ரலேகா காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போக நினைத்தாள். ஆனாலும் கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் போனாள்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் விடாமல் மழை. ஆற்றில் செந்தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. இரண்டு ஆபரேட்டர்கள் வரவில்லை. மதியம் முத்துராணி முன்பு உட்கார்ந்த இடம் காலியாகக் கிடந்தது. சித்ரலேகா தன் மேசையை விட்டு எழுந்தாள். ரெண்டு எட்டு என்று முத்துராணி சொன்னது சரிதான், அதற்கு மேல் இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டி, பிளக்கை வள்ளியூர் லைனில் செருகிக் கூப்பிட்டாள். ஆபரேட்டர் வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆனாலும் கை அதை மறக்கவில்லை.

"வள்ளியூர்" என்றது குரல். அதே குரல்தான், ஆனால் அதில் ஒரு கதையும் இல்லை.

"முத்துராணி, நான்தான்."

"சொல்லுங்க மேடம். எந்த நம்பர் வேணும்?"

"நம்பர் ஒண்ணும் வேண்டாம்."

எத்தனையோ நாள் மனதுக்குள் பதில் சொல்லிப் பழகியவளுக்கு இப்போது ஒரு பதிலும் நினைவுக்கு வரவில்லை. மன்னிச்சுக்கோ என்று சொல்லத்தான் கூப்பிட்டாள். வாயில் வந்தது வேறு.

"இன்னைக்கு சொதி வச்சேன்" என்றாள். "ஒரு ஆளுக்குச் சொதி வைக்கிறது கஷ்டம் முத்துராணி. ஒரு மூடித் தேங்காய்ப்பால் எடுத்தாலே மிஞ்சிப்போவுது. ராத்திரிக்கும் அதையேதான் சாப்பிடணும். கீழ் வீட்ல கொண்டு குடுக்கலாம்னா, என்னன்னு சொல்லிக் குடுக்கிறதுன்னு தெரியல. எப்பவும் அப்படித்தான் எனக்கு. சொல்லத் தெரியல."

பக்கத்தில் இருந்த ஆவுடைத்தாய் திரும்பிப் பார்த்தாள். லைனில் மழை இரைச்சல் கேட்டது. அது வள்ளியூர் மழையா இந்த ஊர் மழையா என்று தெரியவில்லை. முத்துராணி லைனை வெட்டவில்லை. மூச்சு விடுவது கேட்டது. ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்திய மாதிரி இருந்தது. சித்ரலேகா காத்திருந்தாள்.

"மேடம்" என்றாள் முத்துராணி கடைசியில், பைய. கோபமாகச் சொல்லவில்லை. "லைன்ல இதெல்லாம் பேசாதிய. யாரு கேக்காங்கன்னு சொல்ல முடியாது. வச்சிரட்டுமா?"

சித்ரலேகா திரும்பி மூலையைப் பார்த்தாள். அவள் மேசை காலியாக இருந்தது. பிளக் அதன் இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் கேட்கவில்லை, சத்தியமாக யாரும் கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதை அவள் சொன்னால் யார் நம்புவார்கள்?

"வை" என்றாள்.